தீக்குச்சியும் புளியங்கொட்டையும்

1915ஆம் ஆண்டில் தாதாசாகேப் பால்கே ஒரு சிறு படம் எடுத்தார். அதில் நடிகர் எவரும் இல்லை, தீக்குச்சிகளே ஆடின. ஒரு குச்சியைச் சற்றே நகர்த்தி வைப்பது, காமிராவில் ஒரே ஒரு சட்டம் மட்டும் பதிவு செய்வது, மறுபடியும் குச்சியை நகர்த்துவது. இப்படியே நாட்கணக்கில் நடந்த வேலை அது. மராத்தியில் அதற்கு ‘ஆகக்காட்யாஞ்சி மௌஜ்’ என்று பெயர். ‘தீக்குச்சிகளின் கேளிக்கை’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இந்தியாவில் அசைவூட்டப் படத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இந்தப் படத்தைச் சொல்லித்தான் தொடங்குகின்றனர். ஆனால் இன்று எழுதுவோரில் அதைக் கண்டவர் எவருமில்லை. படச்சுருள் அழிந்துவிட்டது.

ஒரு கலையின் பிறப்புச் சான்றே தொலைந்துபோன இந்தச் செய்தியை நாம் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தனி ஒருவர் ஒரு மேசையும் ஒரு விளக்கும் நிரம்பப் பொறுமையும் வைத்துக்கொண்டு செய்து முடிக்கக்கூடிய படம் இது. செய்வது என்றைக்கும் நின்றதில்லை. செய்ததைக் காண்பவரிடம் கொண்டு சேர்ப்பதிலும், சேர்த்த பின் காப்பதிலுந்தான் இந்தக் கலை ஒவ்வொரு தலைமுறையிலும் தடுக்கி விழுந்திருக்கிறது.

பால்கேக்கு இந்த வித்தை ஒரு கடனுக்கு ஈடாகவும் பயன்பட்டது. 1910களின் தொடக்கத்தில், சினிமா என்றால் என்னவென்றே அறியாதவர்களிடம் முதல் கேட்டு நின்றபோது, அவர் ஒரு பட்டாணி விதையை ஊன்றி, அது முளைத்து வளர்ந்த நாட்களையெல்லாம் சட்டம் சட்டமாகப் பிடித்து, திரையில் ஓடவிட்டார். பல நாள் வளர்ச்சி சில விநாடிகளில் கண்ணெதிரே நிகழ்ந்தது. பணமும் கிடைத்தது, 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது. அதற்கு முன்பே, 1908இல், பாரிஸில் எமில் கோல் என்பவர் சுமார் 700 கோட்டோவியங்களை வரைந்து ‘ஃபாண்டாஸ்மகோரி’ என்ற படத்தை உருவாக்கியிருந்தார். அத்தனை ஓவியமும் திரையில் ஒன்றரை நிமிடத்துக்குக் கூட வரவில்லை.

இந்தக் கணக்கைச் சற்று நிறுத்திப் பார்ப்போம். பேசும் படம் வந்தபின் விநாடிக்கு 24 சட்டங்கள் என்பது வழக்கமாயிற்று. பத்து நிமிடப் படத்துக்கு 14,400 சட்டங்கள் வேண்டும். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்துப் பிடித்தாலும் 7,200 ஓவியங்கள். நாளொன்றுக்கு இருபது வரைகிறவருக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். அதுவும் ஒரு நாள் கூடக் காய்ச்சல் வராமல், ஒரு கல்யாணத்துக்கும் போகாமல் இருந்தால்!

நமக்கும் இதற்கும் என்ன உறவு என்று வினவும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்காக ஒரு பெயரைச் சொல்கிறோம்: இப்னு தானியால். மோசூலில் பிறந்து கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தவர். பாபுல் ஃபுதூஹ் வாசலருகே கண் வைத்தியம் பார்த்தவர். ஹிஜ்ரி 710இல் மறைந்தவர். விளக்கொளியில் திரைக்குப் பின் உருவங்களை அசைத்து ஆடும் நிழற்கூத்துக்காக அவர் எழுதிய மூன்று நாடகங்கள் இன்றும் கிடைக்கின்றன. பகலில் நோயாளியின் கண்ணுக்கு மருந்திட்டவர், இரவில் அதே கண்ணுக்கு நிழலைக் காட்டினார் என்று எண்ணிப் பார்க்கையில் நமக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே வருகின்றன. துருக்கியரின் கராகோஸ் கூத்தும், நம் ஊர்களில் நடந்த தோற்பாவைக் கூத்தும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

அந்த நிழல் ஐரோப்பாவில் படச்சுருளில் ஏறியது. லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண்மணி கறுப்புக் காகிதத்தைக் கத்தரிக்கோலால் உருவங்களாக வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, ஒளியூட்டிய கண்ணாடிமேல் கிடத்தி, மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படமெடுத்தார். 1923 முதல் 1926 வரை மூன்றாண்டு உழைப்பு. படத்தின் பெயர் ‘இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்’. கதை நம் பிள்ளைகள் அறிந்த ஆயிரத்தோர் இரவுகளிலிருந்து எடுத்தது. வங்கி முதலாளி ஒருவர் பண உதவி செய்து, தம் வீட்டுக் கார் கொட்டகைக்கு மேலேயே பணிக்கூடம் அமைத்துக் கொடுத்தார். படம் முடிந்தது. ஆனால் திரையிட அரங்கு கிடைப்பது பெரும்பாடாயிற்று. நண்பர்களைத் திரட்டி பெர்லினில் 1926 மே மாதம் ஒரு நாடக அரங்கில் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களில் அதுவே மூத்தது. ஜெர்மனியில் இருந்த மூலச்சுருள்கள் அழிந்துவிட்டன. பிரிட்டனில் காக்கப்பட்டிருந்த ஒரு பிரதியைக் கொண்டே பிற்காலத்தில் அது புதுப்பிக்கப்பட்டது. ரைனிகர் அதன் பின் வாழ்நாளெல்லாம் எடுத்தவை பெரும்பாலும் குறும்படங்களே. 1981இல் காலமானார்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். படம் ஊர்தேடி வரும் வழக்கத்தைத் தென்னாட்டில் தொடங்கி வைத்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் பணிபுரிந்தவர். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியையும் சில சிறு படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். அவர் காட்டியவை யாவும் குறும்படங்களே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முழுநீளக் கதைப்படம் பின்னால் வந்து, குறும்படத்தை அரங்கைவிட்டு வெளியே தள்ளிவிட்டது.

முற்றிலும் தள்ளவில்லை. 1948இல் இந்திய அரசு ஃபிலிம்ஸ் டிவிஷன் என்னும் அமைப்பை நிறுவியது. அது எடுத்த செய்திப்படங்களையும் குறும்படங்களையும் ஒவ்வொரு திரையரங்கும் கதைப்படத்துக்கு முன் கட்டாயம் காட்ட வேண்டும் என்ற விதி இருந்தது. 1956இல் அங்கே கார்ட்டூன் பிரிவு ஒன்றும் தொடங்கியது. வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து நம் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். 1957இல் ஜாதகக் கதையொன்றைத் தழுவி ‘ஆலமரத்து மான்’ என்னும் படம் உருவாயிற்று. அங்குப் பயின்ற ராம் மோகனை இந்திய அசைவூட்டத்தின் தந்தை என்று பின்னாளில் போற்றினர்.

நாம் திண்டிவனத்தில் சிறுவராய் இருந்த 1970களில் இந்தப் படங்களைப் பார்த்தோம். சரியாகச் சொன்னால், பார்க்காமலே இருந்தோம். ‘நியூஸ் ரீல்தானே ஓடுகிறது, மெல்லப் போகலாம்’ என்பது அந்நாளைய பேச்சு. உள்ளே இருந்தவர்களும் அந்தப் பத்து நிமிடத்தை முறுக்கு வாங்கவும் இடம் பிடிக்கவும் செலவிட்டனர். மணல்தரையில் அமர்ந்து ஒருநாள் நாம் கண்ட ஒரு கோட்டுருவம், ஒரு கோடு வளைந்து பறவையாகி, பறவை சிதறிப் பல பறவைகளான காட்சி, அன்று ஓடிய கதைப்படம் எதுவென்று மறந்தபின்னும் நெஞ்சில் நிற்கிறது. அந்தப் படத்தின் பெயரைக் கூட நாம் கேட்டு வைக்கவில்லை. கட்டாயம் என்ற ஒன்றினால்தான் அப்படம் பம்பாயிலிருந்து நம் ஊர்க் கொட்டகை வரை வந்தது என்பதையும், அதே கட்டாயத்தினால்தான் மக்கள் அதை மதிக்கவில்லை என்பதையும் இன்று உணர்கிறோம். அந்த அமைப்பையும் பின்னர் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டனர்.

அரசுப் பணியை உதறித் தாமே படம் எடுக்கத் துணிந்தவர்களும் இருந்தனர். பீம்சேன் என்பவர் ஃபிலிம்ஸ் டிவிஷனில் பணி கற்று, வெளியேறி, 1970இல் ‘தி கிளைம்ப்’ என்ற குறும்படத்தைச் சொந்தமாக எடுத்தார். அது சிகாகோ விழாவில் வெள்ளிப் பரிசு பெற்றது. 1974இல் விஜயா முலே இயக்கத்தில் வந்த ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’ படத்துக்கு உருவங்களை அசைத்தவரும் அவரே. பின்னர் தூர்தர்ஷனில் அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையினர் இன்றும் அதன் பாட்டை முணுமுணுக்கின்றனர். பரிசு பெற்ற படத்தை அறிந்தவர் சிலர். தொலைக்காட்சியில் வந்த படத்தை அறிந்தவரோ கோடிக்கணக்கானோர்.

கடல் கடந்து மலேசியாவிலும் இதே கதைதான். பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் கடைவைக்கப் போன நம்மவர்கள், சருகுமான் முதலைகளை ஏமாற்றிய கதையை அங்கே கேட்டிருப்பார்கள். அந்தச் சருகுமானை வைத்து ‘ஹிகாயத் சாங் கஞ்சில்’ என்ற படத்தைத் தனியாளாய் முயன்று உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். பெயரிலேயே தமிழ் மணக்கிறது. ஃபிலிம் நெகாரா என்னும் அரசுப் படநிறுவனத்தில் அரங்க அமைப்பாளராக இருந்தவர். பணி பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியும் 1983இல்தான் மக்கள் அதைத் தொலைக்காட்சியில் கண்டனர். மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படம் அது. அவர் திறந்த வழியில் ஹசன் முத்தலிப் 1984இலும் 1987இலும் சருகுமான் கதைகளையே மேலும் இரண்டு படங்களாக்கினார்.

2006ஆம் ஆண்டு கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் கீதாஞ்சலி ராவ் என்ற மும்பைப் பெண்மணியின் ‘பிரின்டட் ரெயின்போ’ மூன்று விருதுகளைப் பெற்றது. பதினைந்து நிமிடப் படம்; ஏறத்தாழ முழுவதையும் அவர் ஒருவரே வரைந்தார்; மூன்றாண்டுகள் ஆயின. கதை எளியது. கறுப்பு வெள்ளை வாழ்க்கையில் தனித்திருக்கும் ஒரு மூதாட்டி, பூனை ஒன்று, அவள் சேர்த்து வைத்திருக்கும் தீப்பெட்டிகள். பெட்டியின் மேலொட்டிய வண்ணப் படங்களுக்குள் அவள் நுழைந்துவிடுகிறாள். பால்கேயின் தீக்குச்சி தொண்ணூறு ஆண்டுகள் கழித்துத் தன் பெட்டியைக் கண்டுபிடித்தது போல நமக்குத் தோன்றியது. நம் சிவகாசிப் பெட்டிகளின் கோழியும் மயிலும் இத்தனை காலம் இதற்குத்தான் காத்திருந்தனவோ என்னவோ!

அதே காலத்தில் வேறொரு கதவு திறந்தது. ஹாலந்து நாட்டில் பிளெண்டர் என்ற அசைவூட்ட மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. டோன் ரோசண்டால் என்பவர், ஒரு லட்சம் யூரோ திரட்டினால் அதன் மூலநிரலை உலகுக்கே விடுவிக்கலாம் என்று வேண்டுகோள் விடுத்தார். ஏழு வாரங்களில் பணம் சேர்ந்தது. ஊரார் காசு போட்டுக் கிணறு வெட்டி, யாரும் இறைத்துக்கொள்ளலாம் என்று விட்டது போன்ற செயல் அது. 2006இல் அக்குழுவினர் ‘எலிஃபண்ட்ஸ் டிரீம்’ என்ற குறும்படத்தை எடுத்து, படத்தை மட்டுமன்றி அதை உருவாக்கிய கோப்புகள் அனைத்தையும் இலவசமாக வெளியிட்டனர். இதுவரை படைப்பாளி தன் படத்தைத்தான் பிறரோடு பகிர்ந்தான். இங்கே பணிமேசையையே பகிர்ந்துகொண்டார்கள். 2025இல் ஆஸ்கார் பெற்ற லாட்வியா நாட்டுப் பூனைப் படமான ‘ஃப்ளோ’வும் இந்தக் கிணற்று நீரில் விளைந்ததே.

இத்தகைய கட்டற்ற மென்பொருளைக் கிராமத்து மாணவரிடம் கொண்டுசெல்ல, விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கி வருவதை நம் வாசகர் பலர் அறியார். பெருநகரத்தில் பெருங்கட்டணம் செலுத்திக் கற்க வேண்டியது என்று நாம் எண்ணியிருக்கும் கருவி, ரயில் சந்திப்புக்கு அண்மையிலேயே விலையின்றிக் கிடைக்கிறது.

இவ்வளவும் எழுதத் தூண்டியது நம் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு செயல். திண்டிவனத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் நம் பேத்தி, சென்ற கோடை விடுமுறையில் மொட்டைமாடியில் புளியங்கொட்டைகளைப் பரப்பிக் கைப்பேசியால் படமெடுக்கத் தொடங்கினாள். திந்திரிணி வனம் என்ற புளியங்காட்டின் பெயரே திண்டிவனம் ஆயிற்று என்பர். ஆகவே ஊருக்குரிய நடிகர்களையே தேர்ந்தாள் என்று நாம் கேலி செய்தோம். உயிருள்ளவற்றின் உருவம் வரையலாமா என்ற வினா வீட்டில் எழாமல் இல்லை. அது ஆலிம்கள் பேச வேண்டிய பொருள், நாம் புகவில்லை. “நன்னா, கொட்டைக்கு முகமே கிடையாதே!” என்று அவளே முடித்துவிட்டாள்.

முதல் நாள் எடுத்ததெல்லாம் வீணாயிற்று. வெயில் நகர நகர நிழலும் நகர்ந்து, ஓடவிட்டபோது படம் விட்டுவிட்டு மின்னியது. பிறகு அறைக்குள் சன்னலை அடைத்து, ஒரே விளக்கின் கீழ், கைப்பேசியைப் புத்தக அடுக்கில் ரப்பர் வளையத்தால் கட்டி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க எடுத்தாள். விநாடிக்குப் பன்னிரண்டு படம். இரண்டு நிமிடத்துக்கு 1,440. கொட்டைகள் வரிசையாய் நடந்து, ஆறாகி, ஆற்றைக் கடக்கப் பாலமாகி, கடைசியில் ஒன்று மட்டும் மண்ணுக்குள் போகும். ஓசைக்கு முறத்தில் கொட்டைகளைப் புடைத்துப் பதிவு செய்தாள்.

கட்டணம் செலுத்தி ஒரு போட்டிக்கு அனுப்பினோம். பெற்றுக்கொண்டதாகக் கூட ஒரு வரி வரவில்லை. இணையத்தில் ஏற்றினாள், உறவினரைத் தவிர வேறு யார் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. சில நாள் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு விழுப்புரத்தில் உறவினர் வீட்டு நிக்காஹ். ஏறத்தாழ 40 கிலோமீட்டர், ரயிலில் போனோம். முதல்நாள் இரவு, பிரியாணிச் சட்டிகள் இறங்கிக் கொண்டிருந்த முற்றத்தில், யாரோ இரவல் வாங்கி வந்த புரொஜெக்டரை வைத்து, வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கயிற்றில் கட்டி அந்த இரண்டு நிமிடத்தை ஓடவிட்டார்கள். பிள்ளைகள் முப்பது பேர் இருப்பார்கள். பாலம் உருவாகும் இடத்தில் ஒரு சிறுவன் எழுந்து நின்றுவிட்டான். மீண்டும் மீண்டும் போடச் சொல்லி ஐந்து முறை ஓடியது. சமையற்காரர் கூடக் கரண்டியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, “அவ்வளவுதானா?” என்று கேட்டார்.

எழுந்து நின்ற சிறுவன் மறுநாள் காலை அவளிடம் வந்து, அந்த 1,440 படங்களையும் தனக்குத் தர முடியுமா என்று கேட்டான். நம் பேத்தி தயங்கினாள். ஒரு முழு விடுமுறையின் உழைப்பல்லவா? பின்பு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து அது தபாலில் திரும்பி வந்தது. மண்ணுக்குள் போன அந்தக் கொட்டைக்குப் பின் நாற்பது விநாடி கூடியிருந்தது. உண்மையான மண், உண்மையான மழைத்தண்ணீர், இரு தடித்த வித்திலைகளோடு தலைதூக்கும் ஒரு புளியங்கன்று.