முதலியாரின் மகனும் பூட்டியின் வாக்கும்

சரித்திர நாவல் எண்டு சொன்னால் எங்கட தலைக்குள்ள முதலில ஓடுறது குதிரைதான். குதிரையில ஒரு வாலிபன், பக்கத்தில ஏரிக்கரை, தூரத்தில ஒரு கோட்டை. 1950 இல் கல்கி எழுதத் தொடங்கிய பொன்னியின் செல்வனை வாசிக்காதவர்களும் மணிரத்னத்தின் இரண்டு படங்களால் வந்தியத்தேவனை அறிந்திருப்பார்கள். எங்கட ஊர்ப்பக்கத்து வீடுகளில இன்னும் அட்டை கழன்ற சாண்டில்யன் புத்தகங்கள் கிடக்கு. அம்மாமார் வாசித்தவை, சித்திமார் ஒளித்து வாசித்தவை. நாங்களும் அந்த வழியாலதான் வந்தோம்.

அந்த நாவல்களை ஓட்டுற எரிபொருள் தடை. சிவகாமியின் சபதத்தில் சிற்பியின் மகளுக்கும் பல்லவ இளவரசனுக்கும் நடுவில அந்தஸ்து நிற்குது. பார்த்திபன் கனவில் விக்கிரமனுக்கும் குந்தவிக்கும் நடுவில இரண்டு குலங்களின் பகை. தடை பெரிசாக இருந்தால்தான் காதலும் பெரிசு. வாசகர்களாகிய நாங்கள் எப்பவும் காதலர் பக்கம். இளவரசன் சிற்பி மகளை நேசிப்பது பிழை எண்டு ஒருத்தரும் புத்தகத்தை மூடி வைத்ததில்லை.

தேற்றாத்தீவில் வாவிக்கரையில் கூடி வாசிக்கிற எங்கட சின்னக் கூட்டத்தில ஒரு பின்னேரம் ஒருத்தி கேட்டாள்: "இந்தத் தடைக்குள்ள ரெண்டு ஆம்புளையள் காதலிக்கிற கதை ஒண்டும் இல்லையா?" முதலில் ஒரு சிரிப்பு வந்தது. மறுகா ஒருத்தன் பள்ளிக்கூடத்தில நாங்கள் எல்லாரும் சொல்லிப் பழகின அந்த 'பொன்ஸ்' எண்ட வசைச்சொல்லைச் சொன்னான். அதற்கும் சிரித்தோம். பிறகுதான் கேள்வி அப்படியே கிடக்கிறது தெரிந்தது. அதற்குப் பதில் தேடப் போன கதைதான் இது.

தமிழில் ஆண் ஆணுக்காக உயிரை விடுற கதை இல்லாமல் இல்லை. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பாடப்புத்தகத்தில் வந்தவர்கள்தானே. சோழன் உறையூரில், புலவர் பாண்டிய நாட்டில். இருவரும் முகம் பார்த்ததே இல்லை. மக்களோடு ஏற்பட்ட பகையால் அரசன் வடக்கிருக்கப் போனபோது ஆந்தையாருக்கு ஓர் இடம் விடுங்கள் எண்டு சொன்னான். சுற்றி இருந்தவர்கள் நம்பவில்லை. அவர் வந்தார், அவரும் வடக்கிருந்து உயிர்விட்டார். திருக்குறளின் 785 ஆம் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இந்த இருவரைத்தான் உதாரணம் காட்டுகிறார். பாரதிதாசன் இதை நாடகமாக எழுதினார். அவர் காலமான பிறகு, 1969 இல், அந்த நாடகத்துக்குச் சாகித்திய அக்காதெமி விருதும் கிடைத்தது.

அவர்கள் காதலர்கள் எண்டு நாங்கள் சாதிக்க வரவில்லை. அப்படிச் சொல்லச் சான்று கிடையாது, இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தினவர்களுக்கு இன்றைய பேர் சூட்டுறதும் சரியில்லை. எங்களுக்கு விளங்கினது வேறொரு விசயம். பார்க்காமலே ஏங்குவது, ஒருத்தர் வருவார் எண்டு இடம் ஒதுக்கி வைப்பது, சேர்ந்து சாவது, இவ்வளவையும் தமிழ் இரண்டு ஆண்களுக்கு மனதார அனுமதித்திருக்கு. பேர் மட்டும் நட்பு எண்டு இருந்தால் போதும். அந்தப் பேருக்கு வெளியில ஒரு அடி வைத்த இடத்தில மொழி சட்டென்று வசைச்சொல்லாக மாறிவிடுது. நடுவில ஒண்டும் இல்லை. 1978 இல் கரிச்சான் குஞ்சு பசித்த மானிடத்தில் அந்த நடுவுக்குள் துணிந்து போனார். ஆனால் அது சரித்திர நாவலும் இல்லை, காதல் கதையும் இல்லை.

நாங்கள் தேடினது கடைசியில் ஆங்கிலத்தில் கிடைத்தது. எழுதினவர் ஓர் இலங்கையர். ஷியாம் செல்வதுரை 1965 இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பன் தமிழர், தாய் சிங்களவர். 83 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் கனடா போனது. 1994 இல் வந்த அவருடைய முதல் நாவல் ஃபன்னி பாய் பலருக்குத் தெரியும். 2020 இல் தீபா மேத்தா அதைப் படமாக்கியபோது அதில் பேசப்பட்ட தமிழைப் பற்றி எழுந்த சண்டையும் தெரிந்திருக்கும். நாங்கள் வாசித்தது இரண்டாவது நாவலை: சின்னமன் கார்டன்ஸ், 1998. எங்கட வாயில் கறுவாத்தோட்டம். அகராதியும் கையுமாக ஒரு மாசத்துக்கு மேல எடுத்தது.

கதை 1927 இல் நடக்குது. முதலியார் நவரத்தினம் கொழும்பின் பெரிய தமிழ்ப் பணக்காரர். மகன் பாலேந்திரன் நாற்பது வயதுக்காரன், மனைவி சோனியா, லண்டனில் படிக்கிற ஒரு மகன், ஒழுங்கான வீடு, ஒழுங்கான உடுப்பு. இருபது வருசத்துக்கு முதல் லண்டனில் படிக்கப் போன இடத்தில ரிச்சர்ட் எண்ட ஆங்கிலேயனோடு ஒன்றாக வாழ்ந்தவன். முதலியாருக்கு விசயம் எட்டியது, அவர் நேரடியாக லண்டனுக்கே போய் நிண்டார். பாலேந்திரன் ரிச்சர்டை விட்டுவிட்டுத் தகப்பனோடு திரும்பினான். இப்ப டொனமூர் ஆணைக்குழு வருகிற நேரம் ரிச்சர்ட் கொழும்புக்கு வாறான். கதை அங்கிருந்து கிளம்புது. இன்னொரு பக்கத்தில் அன்னலட்சுமி, படித்த, சைக்கிள் ஓட ஆசைப்படுகிற ஆசிரியை. அவளுக்குக் கலியாணம் பேசுற கதையும் கூடவே ஓடுது. உண்மையைச் சொன்னால் அன்னலட்சுமி வருகிற பக்கங்கள்தான் கூடுதல் உயிரோட்டம். ரிச்சர்ட் கொஞ்சம் காகித மனுசன்.

ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் ஒரு திருக்குறள். பிசிராந்தையாரை நினைத்துக்கொண்டு வாசித்த எங்களுக்கு அது சும்மா அலங்காரமாகப் படவில்லை. நட்பு எண்ட பேருக்குள்ள மட்டும் இடம் தந்த அதே மரபின் வாசலில் வைத்து ஆசிரியர் இந்தக் கதையைச் சொல்கிறார்.

நாவலில் ஓர் இடம் எங்களைப் புத்தகத்தை மூடிவிட்டு வேறு புத்தகங்களுக்கு ஓட வைத்தது. லண்டன் காலத்தில் பாலேந்திரனும் ரிச்சர்டும் எட்வேர்ட் கார்ப்பென்டர் எண்டவரின் வீட்டுக்குப் போய் வருகிறார்கள். கற்பனைப் பாத்திரம் எண்டு நினைத்தோம். இல்லை. கார்ப்பென்டர் உண்மையான ஆள். 1844 இல் பிறந்த ஆங்கிலேயச் சோசலிஸ்ட், எழுத்தாளர். ஷெஃபீல்டுக்கு அருகில் மில்தோர்ப் எண்ட கிராமத்தில் ஜோர்ஜ் மெரில் எண்ட தொழிலாள வர்க்க ஆணோடு 1898 இலிருந்து ஒரே வீட்டில் வாழ்ந்தவர். ஒஸ்கார் வைல்டை 1895 இல் இரண்டு வருசக் கடூழியச் சிறைக்கு அனுப்பிய அதே நாட்டில, அதே சட்டத்துக்குக் கீழ. 1908 இல் இந்தக் காதலுக்காகவே ஒரு புத்தகமும் போட்டார்.

அந்தக் கார்ப்பென்டருக்கு ஒரு தமிழ்ச் சிநேகிதர் இருந்தார் எண்டதுதான் எங்களை உலுப்பியது. சேர் பொன்னம்பலம் அருணாசலம்! இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர், சேர் பொன். இராமநாதனின் தம்பி. கேம்பிரிட்ஜில் படித்த காலத்துப் பழக்கம். பகவத் கீதையைக் கார்ப்பென்டருக்கு அறிமுகப்படுத்தியவர் அருணாசலம். 1890 இல் கார்ப்பென்டர் இலங்கைக்கு வந்து, குருநாகலில் நீதிபதியாக இருந்த அருணாசலத்தோடு தங்கி, இராமசுவாமி எண்ட தமிழ் ஞானியின் காலடியில் வாரக்கணக்கில் இருந்தார். கலுவா எண்ட இளைஞனோடு சிவனொளிபாத மலை ஏறினார். 1892 இல் வந்த அவருடைய பயண நூலில் இதெல்லாம் இருக்கு. இலங்கையும் இந்தியாவும் பார்த்துத் திரும்பின 1891 இல்தான் அவர் மெரிலைச் சந்தித்தார். அருணாசலம் 1924 இல் மதுரையில் காலமானார். அவர் எழுதிய ஞானக் கடிதங்களைக் கார்ப்பென்டர் புத்தகமாகப் போட்டது 1927 இல். நாவல் நடக்கிற அதே வருசம்.

இந்த விசயம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய் எண்டு ஊரில சொல்லுறதை நாங்கள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். தன்னைத் தேற்றிக்கொள்ள ஒரு வெள்ளைக்காரன் குருநாகலுக்கு வந்து ஒரு தமிழ்ச் சாமியின் முன்னால் இருந்த கதையை யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளைக்காரன் இங்க உண்மையாகவே கொண்டு வந்தது சட்டத்தை. 1883 இன் தண்டனைச் சட்டக்கோவை, 365 ஆம் பிரிவு. அதோடு 365 அ. கார்ப்பென்டர் கப்பலால் இறங்கினபோது அந்தக் கோவைக்கு ஏழு வயது.

இனி வாக்குக் கதை. டொனமூர் ஆணைக்குழு உண்மையில் 1927 நவம்பரில் வந்து அடுத்த வருசம் ஜனவரி வரை நிண்டு சாட்சியம் கேட்டது. அப்ப இலங்கையில் வாக்கு இருந்தது சனத்தொகையில் 4 வீதம் பேருக்கு மட்டும். படித்த, சொத்துள்ள ஆண்கள். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கம் எல்லோருக்கும் வாக்குக் கேட்டது. பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பெண்களுக்குக் கேட்டது. சேர் பொன். இராமநாதன் போன்ற பெரிய மனிதர்கள் வேண்டாம் எண்டு நிண்டார்கள். பெண்களுக்கும் சாதி குறைந்தவர்கள் எனப்பட்டவர்களுக்கும் வாக்கைக் கொடுத்தால் நாடு கெட்டுப்போகும் எண்டது அவர்கள் கட்சி. நாவலின் முதலியாரும் அதே கட்சிதான். அவர் கற்பனைப் பாத்திரம், இராமநாதன் இல்லை. ஆனால் அந்த வரவேற்பறைகளில் பேசப்பட்ட பேச்சு அது.

இங்கதான் செல்வதுரை செய்த வேலை எங்களுக்குப் பிடிபட்டது. முதலியார் மகனிடம் கேட்கிறார்: உன் பழைய சிநேகிதன் வந்திருக்கிறான், அவன் மூலமாக ஆணைக்குழுவின் காதில் நம்மட கருத்தைப் போடு. எந்த உறவைத் தானே போய் அறுத்தாரோ, அதே உறவைத் தன் வர்க்கத்தின் தேவைக்குப் பாவிக்கப் பார்க்கிறார். மூத்த மகன் அருள் வீட்டு வேலைக்காரப் பெண்ணை நேசித்ததற்காக முதலே வீட்டை விட்டு விரட்டப்பட்டவன். இளையவன் ஓர் ஆணை நேசித்தவன். ஊரில் காணி இல்லாதவன் வாக்குக் கேட்கிறான். முதலியாருக்கு மூன்றும் ஒரே குற்றம், வீட்டுப் படியின் ஒழுங்கைக் குலைப்பது.

ஆணைக்குழு முதலியார்மார் சொன்னதைக் கேட்கவில்லை. 1931 இல் 21 வயதான எல்லா ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குக் கிடைத்தது. முழுச் சுயாட்சி தரவில்லை எண்டு யாழ்ப்பாணம் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தது, நாலு ஆசனங்கள் 1934 வரைக்கும் வெறுமையாகக் கிடந்தன. மட்டக்களப்பில் தேர்தல் நடந்தது. வெற்றிலைக் கொழுந்து கட்டினவர்கள், வாவியில் வலை வீசினவர்கள், எங்கட பூட்டிமாரும் அவர்களைப் பெத்தவர்களும், முதல் தரமாக நாட்டின் கணக்கில் ஒரு தலையாக எண்ணப்பட்டார்கள். சரித்திரப் பாடத்தில் டொனமூரை நாங்கள் ஐந்து புள்ளிக் கேள்வியாகப் படித்தவர்கள். அதில் எங்கட வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள் எண்டது, ஒரு ஆணின் ஒளித்த காதலைப் பற்றிய நாவலை வாசித்த பிறகுதான் உறைத்தது.

நாவலில் எங்களுக்குக் குறையும் தெரிஞ்சுது. பாலேந்திரன் இராத்திரியில் ரயில் தண்டவாளப் பக்கம் போய் ஓர் இளம் சிப்பாயைச் சந்திக்கிறான், காசு கைமாறுது. அந்தச் சிப்பாய் எந்த ஊர், வீட்டில் ஆர், அவன் ஆரை நேசித்தான், ஒண்டும் தெரியாது. கறுவாத்தோட்டத்துக்காரனின் வேதனைக்கு நானூறு பக்கம் அளவில கிடைக்குது, சிப்பாய்க்குச் சில பக்கம். எங்கட ஊரில இருந்து அந்தக் காலத்தில கொழும்புக்கு வேலைக்குப் போன ஒருத்தன் அந்த நாவலுக்குள் வந்தால் அந்தச் சிப்பாயின் இடத்தில்தான் வந்திருப்பான். முதலியாரின் மகன் பிடிபட்டால் அப்பா கப்பலில் வந்து கூட்டிக்கொண்டு போவார். மற்றவனுக்கு 365 தான்.

கடைசியில் பாலேந்திரன் தகப்பனோடு மனம்விட்டுப் பேசித் தீர்க்கிறான். மனைவியை விட்டுப் போகவில்லை. ரிச்சர்டுக்கு ஒரு கடிதம் எழுதுறான், நட்பாக இருப்போம் எண்டு. இந்த முடிவில் எங்களுக்குள்ள பெரிய சண்டை. கோழைத்தனம் எண்டு பாதிப் பேர். 1928 இல் வேறு என்னதான் செய்வான் எண்டு மற்றப் பாதி. சோனியாவின் வாழ்க்கையை ஆர் கேட்டது எண்டு எங்கட கூட்டத்துப் பெண்கள். ஒருத்தன் மட்டும் ஒண்டும் சொல்லாமல் இருந்தான். மறுகா மெதுவாகச் சொன்னான், "அவன் கடிதமாவது எழுதினானே." அன்றைக்குப் பிறகு அந்தப் பழைய வசைச்சொல் எங்கட கூட்டத்தில வரவில்லை. ஒருத்தரும் தடை போடவில்லை, அது தானாக நிண்டுபோச்சு.

சட்டம் நிற்கவில்லை. இங்கிலாந்து தன் சட்டத்தை 1967 இல் தளர்த்தியது. இந்தியாவின் 377 ஐ உச்ச நீதிமன்றம் 2018 இல் மாற்றி வாசித்தது. இலங்கை 1995 இல் 365 அ பிரிவைத் திருத்தியது, எப்படியெண்டால் ஆண்களுக்கு மட்டும் இருந்ததைப் பெண்களுக்கும் சேர்த்து நீட்டி! 2023 இல் பிரேம்நாத் தொலவத்த தனிநபர் சட்டமூலம் ஒண்டு கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரண் இல்லை எண்டு அந்த வருசம் மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருசம் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலம் சட்டமாகவில்லை. பாலேந்திரன் பயந்த அந்தப் பிரிவு இலக்கம் மாறாமல் அப்படியே இருக்கு.

அடுத்ததாக நாங்கள் வாசிக்க எடுத்திருக்கிறது ஈ. எம். ஃபோர்ஸ்டரின் மோரிஸ். 1913 இல் கார்ப்பென்டரையும் மெரிலையும் அவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வந்து எழுதத் தொடங்கிய நாவல். அதில் காதலர்கள் இருவரும் பிரியாமல் சேர்ந்து வாழப் போகிறார்கள். அதனாலோ என்னவோ, அவர் சாகும் வரைக்கும் அச்சில் வரவில்லை, 1971 இல்தான் வந்தது. எங்களிடம் ஒரு பிரதிதான் இருக்கு. இப்ப அது, "கடிதமாவது எழுதினானே" எண்டு சொன்னவனிடம். முடிச்சுப்போட்டுத் தருவான், பிறகு வேணுமெண்ட ஆக்கள் கேளுங்க.