சேரும் ஆழாக்கும்

சென்னை நிறுத்தலளவில் சேர் என்பது 24 தோலா. வங்காளச் சேரோ 80 தோலா. பெயர் ஒன்றே, நிறை மும்மடங்குக்கும் மிகுதி. அந்நாளில் கல்கத்தாவிற் குடியேறிய நம்மவர்க்கு இஃது எளிய இடர்ப்பாடன்று. அரிசியையோ நாம் பெரும்பாலும் முகந்தே அளந்து வந்தோம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில், பொன் நிறுத்த கல்லும் நெல் அளந்த மரக்காலும் ‘ஆடவல்லான்’ என்ற ஒரே பெயர் பூண்டிருத்தலைக் காண்கிறோம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிக் கிலோகிராம் வந்தது. 1962இல் உவர்ச் சதுப்பை மணலிட்டு மேடாக்கத் தொடங்கி எழுந்த சால்ட் லேக்கிலோ, நம் அடுக்களைகளில் படியில் எட்டிலொன்றாகிய ஆழாக்கு இன்னும் வாழ்கின்றது. ஓர் ஆழாக்கு அரிசியினும் ஓர் ஆழாக்கு அரிசிமாவு எடை குறைந்தது. ஆதலின் ஊர் முறுக்குக் கணக்கைக் கிலோவாக்குவோர், மாவையே முகந்து நிறுத்தறிதல் வேண்டும். அழுத்தி முகந்தால் அக்கணக்கும் மாறும்.