கரும்புக் காட்டிலிருந்து வந்த ரம்பம்

இந்த எபிசோடு எங்க வீட்டு அலமாரி வேலையில ஆரம்பிச்சது. கார்பென்டர் அண்ணன் கையில ஏழு இஞ்ச் வட்ட ரம்பம். அதோட அடிப்பக்கத்துல பிளேடை மூடுற ஒரு கார்டு இருக்கும்ல, அதை மேல தூக்கி கட்டுக்கம்பி போட்டுக் கட்டி வச்சிருந்தார். "அண்ணே, அது மூடித்தானே இருக்கணும்?"னு கேட்டேன். "மூடியிருந்தா வேலை ஓடாது தம்பி"ன்னார். அவரோட இடது கையில ஆள்காட்டி விரலுக்கு மேல் கணு இல்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்துட்டார். "இது இதுல போனது இல்ல. மார்பிள் கட்டர்ல போனது"ன்னார், ஏதோ பஸ் நம்பர் சொல்ற மாதிரி.

இந்த மெஷினை உருவாக்கினவங்க ஒரு கார்டை வைக்கிறாங்க. அதை வச்சுப் பிழைக்கிறவர் அந்தக் கார்டைக் கட்டிப் போடுறார். இது ஏன் நடக்குதுன்னு தேடினப்போ, இந்தக் கருவியோட வரலாறு வழியாத்தான் பதிலுக்குப் போக முடிஞ்சது.

முதல்ல மின்சாரத்துக்கு முந்தைய காலம். பெரிய மரத்தைப் பலகையா அறுக்கணும்னா, ஒரு குழிக்கு மேல மரத்தைக் கிடத்துவாங்க. ஒருத்தர் மேல நிப்பார், ஒருத்தர் குழிக்குள்ள நிப்பார். நீளமான ரம்பத்தை மேலும் கீழுமா இழுப்பாங்க. கீழ இருக்கிறவர் தலையெல்லாம் மரத்தூள். இந்த ரம்பம் ஒரு பக்கம் போகும்போது மட்டும்தான் அறுக்கும். திரும்பி வர்ற இழுப்பு வெறும் உழைப்பு.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் ஹார்வர்டுன்னு ஒரு ஊர். பல்கலைக்கழகம் இல்லை, அதே பேர்ல இருக்கிற சின்ன ஊர். அங்கே ஷேக்கர் என்ற சமயக் குழுவில் வாழ்ந்தவர் டபிதா பாபிட். அந்த வீணாப் போற இழுப்பைப் பார்த்து, 1813 வாக்கில், பல் வச்ச ஒரு வட்டத் தகட்டை ராட்டையில் மாட்டிச் சுத்த விட்டார்னு ஒரு கதை உண்டு. அழகான கதைதான். ஆனா இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777-லேயே ஒரு காப்புரிமை வாங்கியிருக்கார். அது காற்றாலையால் ஓடுற ரம்ப இயந்திரத்துக்கான காப்புரிமை. அதுல வட்ட ரம்பம் போகிற போக்கில்தான் வருது. அப்படின்னா அவருக்கு முன்னாடியே யாருக்கோ அது தெரிஞ்சிருக்கலாம். அதே ஊரில் வால்டர் டெய்லர் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்கான கப்பிகளைச் செய்ய வட்ட ரம்பத்தைப் பயன்படுத்தியிருக்கார். டபிதா தனியா யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கலாம். ஆனா முதல் ஆள் அவர்னு சொல்ல முடியாது.

இந்த ரம்பங்களுக்கெல்லாம் ஒரு பொதுவான விஷயம் உண்டு. ரம்பம் ஓரிடத்தில் நிக்கும், மரம் அதைத் தேடி வரணும். நீராலையோ நீராவியோ சுத்துற பெரிய சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு எங்கே போக முடியும்? ரம்பம் மரத்தைத் தேடிப் போகணும்னா, கையில் அடங்குற மோட்டார் வரணும்.

அப்படிப்பட்ட ரம்பம் 1920-களில் வந்தது. அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ். சுத்திலும் கரும்புத் தோட்டம். எட்மண்ட் மிஷெல் என்ற பிரெஞ்சுக்காரர், வெயிலில் வெட்டுக்கத்தியை ஓங்கி ஓங்கிக் கரும்பு வெட்டுற தொழிலாளிகளைப் பார்க்கிறார். இந்தக் கத்திக்கு ஒரு மோட்டார் வச்சா என்னன்னு தோணுது. மால்ட் பால் கலக்குற மெஷினோட மோட்டாரைக் கழட்டி, ஒரு சின்ன வட்ட பிளேடோட இணைச்சார்னு சொல்வாங்க. கரும்புக்குன்னு யோசிச்ச கருவி கடைசியில் மரத்துக்குத்தான் பொருந்திச்சு. ஜோசப் சல்லிவன் என்பவர் கூட்டு சேர, 1924-ல் ரெண்டு பேரும் கம்பெனி ஆரம்பிக்கிறாங்க. ரெண்டே வருஷத்தில் மிஷெல் விலகிட்டார். அந்தக் கம்பெனிதான் பிறகு ஸ்கில்சா ஆச்சு. நாம போட்டோகாப்பியை ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி, அமெரிக்காவில் எந்த வட்ட ரம்பமா இருந்தாலும் பலர் ஸ்கில்சான்னுதான் சொல்வாங்க.

மிஷெலோட மெஷினில் மோட்டார் பிளேடுக்குப் பின்னால் நீளவாக்கில் படுத்திருக்கும். திருகு மாதிரியான ஒரு கியர் அந்தச் சுழற்சியைத் தொண்ணூறு டிகிரி திருப்பி பிளேடுக்குக் கொடுக்கும். வேகம் குறையும், முறுக்குவிசை கூடும், எடையும் கூடும். 1920-களின் கடைசியில் போர்ட்டர்-கேபிள் கம்பெனியில் ஆர்ட் எம்மன்ஸ் மோட்டாரை பிளேடுக்குப் பக்கவாட்டில் கொண்டுவந்தார். மெஷின் குட்டையாச்சு, எடையும் குறைஞ்சது. நம்ம ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பார்க்கிறது இந்த ரெண்டாவது குடும்பம்தான்.

சரி, கார்டுக்கு வருவோம். அதுக்கு முன்னால் பிளேடு எந்தப் பக்கம் சுத்துதுன்னு தெரியணும். மரத்துக்குள்ள நுழையுற முன்பக்கத்தில் பற்கள் கீழிருந்து மேலே வரும். அதனால் சிராய் மேல்பக்கம்தான் பேர்க்கும். லேமினேட் ஒட்டின நல்ல முகத்தைக் கீழே திருப்பி வச்சு அறுக்கச் சொல்றது இதனாலதான்.

இந்தச் சுழற்சியில்தான் ஆபத்தும் இருக்கு. அறுத்துக்கிட்டுப் போகும்போது பலகை நடுவில் தொய்ஞ்சா, அறுத்த இடைவெளி மூடி பிளேடைக் கவ்வும். மரம் நகராது, பிளேடும் நிக்காது, அதனால மெஷின் துள்ளி எழுந்து பின்னாடி, உங்களைப் பார்த்து வரும். இதுக்கு கிக்பேக்னு பேர். கண் சிமிட்டுற நேரத்தில் முடிஞ்சுடும், சுதாரிக்க நேரமே இருக்காது. அந்த நொடியில் உங்களுக்கும் பிளேடுக்கும் நடுவில் இருக்கிறது, ஸ்பிரிங் இழுத்து மூடுற அந்தக் கீழ் கார்டுதான்.

அதனால ரெண்டு ஸ்டூலில் ரெண்டு முனையை வச்சு நடுவில் அறுக்காதீங்க. வெட்டுக்கு ரெண்டு பக்கமும் அடியில் கட்டை கொடுங்க, இல்லேன்னா வெட்டுப்படுற துண்டு தானா கீழே விழட்டும். பலகையை கிளாம்ப் போட்டு இறுக்குங்க, மெஷினை ரெண்டு கையாலும் பிடிங்க. பிளேடுக்கு நேர் பின்னால் நிக்காம, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. பிளேடு பலகைக்குக் கீழே சில மில்லிமீட்டர் மட்டும் நீட்டினால் போதும். நடுவில் சிக்கினால், ஸ்விட்சை விட்டு, பிளேடு முழுசா நின்ன பிறகு வெளியே எடுங்க. கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் வரவழைக்கும் பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்தியிருக்கு.

அண்ணனோட விரலைக் கொண்டுபோன மார்பிள் கட்டரைப் பத்தியும் சொல்லணும். விலை குறைவு, எடை குறைவு. அதனால நாலு இஞ்ச் மரப் பிளேடை மாட்டி பிளைவுட் அறுக்கிறது பல இடத்தில் வழக்கமாயிடுச்சு. ஏழு இஞ்ச் ரம்பம் நிமிஷத்துக்கு 5,000 சுத்து வாக்கில் ஓடும். மார்பிள் கட்டர் 12,000-க்கும் மேல. கணக்குப் போட்டால், பெரிய பிளேடோட விளிம்பு மணிக்கு சுமார் 170 கிலோமீட்டர் வேகம், சின்ன பிளேடோட விளிம்பு சுமார் 230 கிலோமீட்டர் அல்லது அதுக்கு மேல. ஆனா தானா மூடுற கீழ் கார்டு பொதுவா அதில் கிடையாது, ஏன்னா அது கல்லுக்காகச் செஞ்ச மெஷின். கல் வெட்டுக்குத் தேவையில்லாத பல் வச்ச பிளேடை நாமதான் அதில் மாட்டுறோம்.

அப்போ கார்பென்டர் அண்ணன் அலட்சியக்காரரா? நான் அப்படித்தான் நினைச்சேன். சாயங்காலம் டீ குடிக்கும்போது கேட்டேன். சதுர அடிக் கணக்கில்தான் கூலி. கார்டு ஒவ்வொரு வெட்டிலும் சிக்கி நிக்குது. ஒரு நாளைக்கு எத்தனை வெட்டு! வேகத்தைச் சொல்லித்தான் இந்த மெஷினை நூறு வருஷமா வித்துக்கிட்டிருக்காங்க. அந்த வேகத்தை நம்பி வாங்கினவர்கிட்ட, கடைசியில் ஒரு சின்ன ஸ்பிரிங் வேகத்தைக் குறைக்குது.

அது ஏன் சிக்குதுன்னு பார்க்கலாமான்னு கேட்டேன். பிளக்கைப் பிடுங்கிட்டு, கம்பியை அவிழ்த்தோம். கார்டு சுத்துற இடம் முழுக்கப் பசையும் தூளும் சேர்ந்து கெட்டியா இருந்தது. பழைய பல் பிரஷ், ஒரு துணி, பத்து நிமிஷம். கையால் தூக்கி விட்டதும் 'டப்'னு மூடிச்சு. "புதுசுல இப்படித்தான் இருந்துச்சு"ன்னார். அடுத்த நாள் நேர் வெட்டெல்லாம் கம்பி இல்லாம ஓடிச்சு. சாய்வு வெட்டில் ஒரு தடவை தட்டினப்போ, கார்டோட சின்ன லீவரைக் கட்டைவிரலால் தூக்கி ஆரம்பிச்சுட்டு விட்டுட்டார். அந்த லீவர் இருக்கிறதே அதுக்காகத்தான்.

அவர் அடுத்த சைட்டில் திரும்பவும் கம்பி கட்டுவாரான்னு எனக்குத் தெரியாது. கூலி அதே சதுர அடிக் கணக்கில்தான் இருக்கு. உங்க வீட்டில் வேலை நடந்தா, மெஷினைச் சுத்தம் பண்ணவும் கட்டை கொடுக்கவும் ஆகிற அந்த அரை மணி நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசுங்க.