திமிங்கிலத்தின் செவிக்கு எட்டியது என்ன?

நான் சிறுவனாக இருந்தபோது செம்பரம்பாக்கம் ஏரியில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒருவன் நீருக்குள் கையை விட்டு இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவான். தொலைவில் மற்றொருவன் மூச்சடக்கி மூழ்கி, எத்தனை தட்டு என்று எண்ணிச் சொல்ல வேண்டும். கரையில் நிற்பவனுக்கு ஒன்றுமே கேட்காது. மூழ்கியவனுக்கோ காதருகில் தட்டியது போலிருக்கும். நீர் ஒலியை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதை நான் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அங்குதான் தெரிந்துகொண்டேன்.

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாட்டை ஒட்டிய கடற்கரையில் 80க்கும் மேற்பட்ட குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டார்கள். பல மீண்டும் கரைக்கே திரும்பின. 40க்கும் மேற்பட்டவை மடிந்தன. அப்போது எழுந்த ஐயங்களுள் ஒன்று, கடலுக்கடியில் ஏதேனும் பேரொலி அவற்றைத் துரத்தியிருக்குமோ என்பது. இத்தகைய ஐயத்தைச் சோதிக்க இன்று கணிப்பொறி பயன்படுகிறது. அந்தக் கணக்குகளோ திமிங்கிலத்துக்காகத் தோன்றியவை அல்ல.

தொடக்கம் ஓர் ஏரியில்தான். 1826இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் கொலாடன், ஸ்டர்ம் என்னும் இருவர் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு படகுகளை நிறுத்தினர். ஒரு படகில் நீருக்குள் தொங்கிய மணியை அடித்த அதே கணத்தில் வெடிமருந்து பளிச்சிட்டது. மற்றதில் இருந்தவர் நீண்ட குழாயை நீரில் இறக்கிக் காதில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார். விநாடிக்கு 1435 மீட்டர் என்று விடை வந்தது. காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப்போல் இது நான்கு மடங்குக்கு மேல்.

இந்த வேகம் எங்கும் ஒன்றாக இருந்துவிட்டால் கணக்கு எளிது. கடலிலோ, வெப்பம் ஏறினால் வேகம் ஏறும். உப்பு மிகுந்தால் ஏறும். ஆழத்தின் அழுத்தத்தாலும் ஏறும். வேகம் மாறினால் ஒலி நேராகச் செல்லாது. வேகம் குறைந்த பக்கமாக வளையும். இதை 1919இல் ஜெர்மானியரான ஹ்யூகோ லிக்டே கணக்கிட்டுக் காட்டியும் உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1930களில் அமெரிக்கக் கடற்படையினர் ஒரு விந்தையைக் கண்டனர். காலையில் நன்றாக வேலை செய்த சோனார் கருவி பிற்பகலில் தடுமாறியது. இயக்குபவர்கள் உண்ட மயக்கத்தில் இருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லப்பட்டதாம்! உண்மையில் மயக்கம் கடலில்தான் இருந்தது. வெயிலால் மேல்நீர் சூடேறி, ஒலிக்கதிர் கீழ்நோக்கி வளைந்து, இலக்கைத் தொடாமலே சென்றுவிட்டது. ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவியை ஸ்பில்ஹாஸ் அமைத்த பிறகு, நீரைப் பல அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வோர் அடுக்கிலும் கதிர் எவ்வளவு வளையும் என்று காகிதத்தில் வரையலாயினர். கண்ணாடிக் கட்டியில் ஒளி விலகுவதற்கு நாம் வகுப்பில் போடும் கணக்கும் இதுவேதான்.

1944இல் மோரிஸ் யூவிங் ஆழ்கடலில் ஒரு வழியைக் கண்டார். மேலே வெப்பத்தாலும் கீழே அழுத்தத்தாலும் வேகம் கூடுதல். இடையில், பல கடல்களில் ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்தில், வேகம் மிகக் குறைவு. அங்கே பிறக்கும் ஒலி மேலும் கீழும் வளைந்து வளைந்து அவ்வழியிலேயே சிக்கி நெடுந்தொலைவு செல்கிறது. 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே வெடித்த வெடியின் ஒலி, சுமார் 20,000 கிலோமீட்டர் கடந்து, 3 மணி 43 நிமிடத்தில் பெர்முடாத் தீவில் கேட்டது.

ஆழமற்ற நீரின் கதை வேறு. 1948இல் பெக்கெரிஸ் வெளியிட்ட கணக்கின்படி, ஆழம் குறைந்த நீரில் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழான ஒலி நெடுந்தொலைவு செல்ல இயலாது. இதை நம் ஏரிக்கே போட்டுப் பார்க்கலாம். முழு ஆழம் 24 அடி, அதாவது 7.3 மீட்டர். தரை முற்றிலும் கெட்டியானது என்று கொண்டால், நீரின் ஆழம் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். விநாடிக்கு 1500 மீட்டர் வேகத்துக்கு இது ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் ஆகிறது. கற்களின் ‘டக்’கென்ற ஒலி தாராளமாகச் செல்லும். துடுப்புத் திமிங்கிலம் 20 ஹெர்ட்ஸில் முனகுமே, அந்த ஒலியை நம் ஏரி விழுங்கிவிடும்!

மெய்யான கடலில் ஆழம், வெப்பம், தரை எல்லாம் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் மாறும். கையால் போட்டு மாளாது. ரேடியோ அலைகளுக்காக 1946இல் சோவியத் அறிஞர்கள் கண்ட ஒரு சுருக்குவழியை, 1970களில் டாப்பர்ட் என்பவர் கடல் ஒலிக்கு எடுத்தாண்டார். அலை முன்னோக்கியே செல்கிறது என்று கொண்டு, கணிப்பொறி ஒவ்வோர் எட்டாக அதை நகர்த்திக்கொண்டு போகும். எங்கே எவ்வளவு ஒலி எஞ்சும் என்பது படமாகவே கிடைத்துவிடும். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவோருக்கு இது பெரும் பேறு.

அந்தப் படத்தில் திமிங்கிலத்தையும் வைத்துப் பார்க்கும் எண்ணம் மெல்லத்தான் வந்தது. 1971இல் பெய்னும் வெப்பும், கப்பல் இரைச்சல் இல்லாத பழங்கடலில் துடுப்புத் திமிங்கிலங்கள் எவ்வளவு தொலைவுக்கு ஒன்றையொன்று கேட்டிருக்கும் என்று கணக்கிட்டனர். 1991 ஜனவரியில் தென் இந்தியப் பெருங்கடலின் ஹெர்டு தீவருகே, கடல் வெப்பத்தை அளக்கும் நோக்கோடு 57 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பப்பட்டது. உடன் சென்ற உயிரியலார், சோதனைக்கு முன் கேட்டுக்கொண்டிருந்த எண்ணெய்த் திமிங்கிலங்களின் குரலும் பைலட் திமிங்கிலங்களின் குரலும் ஒலிபரப்பின்போது கேட்கவே இல்லை என்று பதிவுசெய்தனர். சோதனை முடிந்து 48 மணி நேரத்துக்குள் அவை மீண்டும் கேட்டன.

2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 கடல் பாலூட்டிகள் ஒதுங்கின; பெரும்பாலானவை அலகுத் திமிங்கிலங்கள். அப்பகுதியில் கடற்படைப் பயிற்சி நடந்திருந்தது. சோனார் எங்கே, எப்போது, எவ்வளவு உரக்க ஒலித்தது என்ற குறிப்புகள் கைவசம் இருந்தன. கடல்நீரின் மேலடுக்கு ஒலியைச் சிறைப்பிடிக்கும் நிலையில் இருந்ததும் தெரிந்தது. இவற்றைக் கொண்டு கணக்கிட்டு, அக்கடற்படையே பங்கேற்ற அறிக்கை 2001இல் சோனாரையே காரணமாகச் சுட்டியது.

நம் நாட்டில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு கங்கையின் ஓங்கிலைப் பற்றியது. அதற்குப் பார்வை அநேகமாக இல்லை. எதிரொலிதான் அதன் கண். படகுகளின் இரைச்சலை அளந்து, அதனால் ஓங்கிலின் உடல் எவ்வளவு கூடுதல் ஆற்றலைச் செலவிட நேரும் என்று ஆய்வாளர்கள் மாதிரிக் கணக்குப் போட்டனர். ஆற்றில் நீர் குறைந்த காலத்தில் தொல்லை மிகுகிறது என்று தெரியவந்தது.

இனி மணப்பாட்டுக்கு வருவோம். அங்கே எல்லாம் ஒலியின் குற்றமே என்று கூற எனக்குத் துணிவில்லை. 1973 ஜனவரியிலும் மன்னார் வளைகுடாவில் ஏறத்தாழ 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியதை நம் மீன்வள ஆய்வாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்பே, 1852இல், கல்கத்தாவின் உப்பேரிப் பகுதியில் இவ்வினம் கூட்டமாக ஒதுங்கியதை எட்வர்டு பிளித் விவரித்திருக்கிறார்; அன்று சோனாரும் இல்லை. இவை கூட்டத்தை விட்டுப் பிரியாத விலங்குகள். ஒன்று வழி தவறினால் மற்றவையும் பின்தொடரும்.

ஆயினும் ஒலியை விடுவித்துவிடவும் கணக்கு வேண்டும். கணிப்பொறிக்கு மூன்றைத் தர வேண்டியிருக்கிறது: அன்று கடலில் எழுந்த ஒலி, அன்றைய நீரின் வெப்ப அடுக்கு, அந்த விலங்கின் செவித்திறன். முதல் இரண்டும் அந்நாளோடு போய்விடுபவை. முன்கூட்டியே கருவி வைத்திருந்தால்தான் கிடைக்கும். 1993இல் தொடங்கப்பட்டு இன்று பள்ளிக்கரணையில் இயங்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், நம் கடலோரங்களில் தானே இயங்கும் ஒலிவாங்கிகளை இறக்கி, மழை, காற்று, கப்பல் எனப் பிரித்துக் கடலின் ஓசையைப் பதிவுசெய்து வருகிறது. ஜனவரி மாதங்களில் மணப்பாட்டுக்கு எதிரே அப்படி ஒன்று கிடந்தால், அடுத்த முறை கூட்டம் ஒதுங்கும்போது அதன் நாடாவையே முதலில் கேட்டுப் பார்க்கலாம்.