பள்ளிப் புள்ளியும் பொதுப் பரீட்சையும்

உயர்கல்வி நாடி வரும் மாணாக்கனின் தகுதியை எதனைக்கொண்டு அளப்பது? ஆசிரியர் பல்லாண்டு இட்ட பள்ளிப் புள்ளிகளைக் கொண்டா, யாவரும் ஒருங்கே எழுதும் பொதுப் பரீட்சையைக் கொண்டா? இவ்வினாவோடு நூறாண்டுக்கு மேலாகப் போராடிவரும் ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டுக் கல்லூரிகள் பல தத்தமக்கென வெவ்வேறு நுழைவுப் பரீட்சைகளை நடத்தின. வேறு சில, தாம் ஏற்ற பள்ளிகளின் நற்சான்றையே போதுமெனக் கொண்டன. இக்குழப்பத்தை நீக்க 1900 ஆம் ஆண்டிற் கல்லூரி நுழைவுப் பரீட்சைச் சபை தோன்றியது. மறு ஆண்டில் அது நடத்திய முதற் பரீட்சைக்குத் தோற்றியோர் 973 பேர். அது பாட அறிவைச் சோதித்தது. அதற்கேற்பப் பயிற்றும் வசதி கிழக்குக்கரைத் தனியார் பள்ளிகளுக்கே மிகுதியாயிருந்தது.

1926 இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக உளவியலாளர் காள் பிறிகம் தலைமையில் வகுக்கப்பட்ட உளச்சார்புப் பரீட்சை அறிமுகமாயிற்று. முதலாம் உலகப்போரிற் படைவீரர்க்கு நடத்திய சோதனையின் வழிவந்தது அது. அப்படைச் சோதனைகளை ஆதாரமாக்கி, இனங்களிடையே அறிவில் ஏற்றத்தாழ்வு உண்டென 1923 இல் நூல் எழுதிய பிறிகம், 1930 இல் தம் முடிபு அடிப்படையற்றதெனத் தாமே மறுத்துரைத்தார். எனினும் அப்பரீட்சை நிலைத்தது. ஹாவாட் பல்கலைக்கழகத் தலைவர் கொனன்ற், புகழற்ற பள்ளிகளிற் பயின்ற திறமைசாலிகளைத் தேடிப் புலமைப்பரிசில் வழங்க 1934 முதல் அதனையே கருவியாக்கினார்.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் 1968 இல் அப்பரீட்சையை யாவர்க்கும் கட்டாயமாக்கியது. 2001 இல் அதன் தலைவர் அற்கின்சன், பன்னிரண்டு வயதுச் சிறுவரும் பரீட்சைக்கெனச் சொல்லொப்புமைகளை உருப்போடக் கண்டு, அதனைக் கைவிடுமாறு வேண்டினார். அப்பல்கலைக்கழக மாணாக்கரை ஆராய்ந்து 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நான்காண்டுப் படிப்பின் பெறுபேற்றைப் பள்ளிப் புள்ளிகளே சிறப்பாக முன்னுணர்த்தின என்றது. 2020 இல் அதன் ஆசிரியர் குழுவொன்றோ, முதலாண்டுப் பெறுபேற்றைப் பரீட்சையே நன்கு முன்னுணர்த்துவதாகக் கண்டது. ஆயினும் அவ்வாண்டே ஆட்சியாளர் அக்கட்டாயத்தை நீக்கினர். மாறாக, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் 2022 இல் பரீட்சையை மீண்டும் வேண்டியது. வசதி குறைந்த பள்ளிகளின் கணிதத் திறனுடையோரை இனங்காண அது உதவும் என்பதே அது கூறிய காரணம்.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? இரண்டும் குறையுடைய அளவைகளே. பள்ளிப் புள்ளி நெடுநாள் உழைப்பைக் காட்டும். ஆயின் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். பொதுப் பரீட்சை யாவர்க்கும் ஒன்றே; ஆயின் பயிற்சி வாங்கும் செல்வத்தின் நிழல் அதன்மேற் படியும். ஒன்றின் குறையை மற்றொன்றாற் காண்பதே அறிவுடைமை. உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றையே நம்பிப் பள்ளிப் புள்ளியைக் கணக்கிற் கொள்ளாத எம் நாட்டினரும் இதனைச் சிந்தித்தல் நன்று. அவ்வாறு சிந்திக்குமிடத்து, எம்போன்ற ஆசிரியர் இடும் புள்ளி பிறர் நம்பத்தக்க நடுநிலை உடையதாதல் வேண்டும் என்பதும் உடன் எண்ணத்தக்கது.