அச்சுக் கோணம்: மெக்டொனால்டின் முடிவும் பிழை நாணயங்களின் சாட்சியமும்

நாணயத்தின் முகப்பை நேராகப் பிடித்து இடம்வலமாகப் புரட்டும்போது பின்புறம் எந்தத் திசையில் நிற்கிறதோ, அதுவே அச்சுக் கோணம். நேராக நின்றால் 12 மணி என்றும், தலைகீழாக நின்றால் 6 மணி என்றும் குறிப்பது நாணயவியல் வழக்கு. இக்கோணத்தை வரலாற்றுச் சான்றாக்கியவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் மெக்டொனால்டு. கிளாஸ்கோவின் ஹன்டேரியன் தொகுப்பிலுள்ள கிரேக்க நாணயங்களுக்கு அட்டவணை செய்தவர். நாணயவியலாளர் பார்க்ளே ஹெட்டின் சிறப்புக்காக 1906இல் வந்த தொகுப்பு நூலில், பண்டைய அச்சுகளைத் தளர்ந்தவை, நிலைத்தவை என இரண்டாகப் பிரித்தார். கோணம் சிதறிக் கிடந்தால் மேலச்சைக் கையில் பிடித்து அடித்தார்கள். ஒரே கோணம் திரும்பத் திரும்ப வந்தால் இரு அச்சுகளும் ஏதோ ஒரு விதத்தில் பிணைக்கப்பட்டிருந்தன என்பது அவர் வாசிப்பு. பின்வந்தோர் சிலர் அந்தப் பிணைப்பைக் கீல் என்றே உறுதிசெய்துகொண்டார்கள்.

பாகுபாட்டில் எனக்கு மறுப்பில்லை. தாலமி மன்னர்களின் எகிப்திலும், இந்தோ-கிரேக்கர், குஷாணர் நாணயங்களிலும் 12 மணி ஒழுங்கு கண்கூடு. ஒழுங்கிலிருந்து கருவிக்குத் தாவும் இடத்தில்தான் இடறுகிறது. கீல் பூட்டிய இரண்டு அச்சுகள் ஒரே கோணத்தைத்தான் தரும். உரோமப் பேரரசின் நாணயங்களோ பெரும்பாலும் 12, 6 என இரண்டு நிலைகளிலும் கிடைக்கின்றன. சாசானியரின் மெல்லிய வெள்ளித் திராக்மாக்களில் 3 மணியும் 9 மணியும் மிகுதி. மன்னர் முகத்தை நேராக வைத்துப் புரட்டினால் தீக்குண்டம் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். எதிரெதிரான இரண்டு நிலைகள் என்பது, தட்டையான பக்கங்கள் கொண்ட அச்சுக்கட்டையைக் கையில் எடுத்து இப்படியோ அப்படியோ வைக்கும் தொழிலாளியின் பழக்கத்தோடு பொருந்துகிறது. இரு வேறு பட்டறைகளில் இரு வேறு கீல்கள் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒரே முகப்பு அச்சு இரு கோணத்திலும் வருமானால் அந்தப் பதிலும் நிற்காது.

கீல் இருந்ததா என்பதைச் சோதிக்க வலுவான சாட்சி ப்ரோக்கேஜ் எனப்படும் பிழை நாணயம் என்பது என் கருத்து. அடித்த நாணயம் மேலச்சில் ஒட்டிக்கொள்கிறது. அக்கசாலையில் யாரும் கவனிப்பதில்லை. அடுத்த வில்லையின் கீழ்ப்பக்கம் முகப்பு வழக்கம்போல் புடைப்பாக விழ, மேல்பக்கம் பின்புறச் சின்னத்துக்குப் பதில் அதே முகம் குழிவாகப் பதிகிறது. உரோமக் குடியரசின் தெனாரியஸ்களில் இது அரிதல்ல. ஒட்டிய நாணயம் முந்தைய அடியின் கோணத்தைச் சுமந்திருக்கிறது. புதிய வில்லை இந்த அடியின் கோணத்தைப் பெறுகிறது. ஆகவே புடைப்பு முகத்துக்கும் குழிவு முகத்துக்கும் இடையிலுள்ள திரும்பல், அடுத்தடுத்த இரண்டு அடிகளுக்கு நடுவே மேலச்சு எவ்வளவு சுழன்றது என்பதன் அளவு. கீல் இருந்திருந்தால் குழிவு முகம் புடைப்பு முகத்துக்கு நேர் பின்னால் விழவேண்டும். பேரரசுக் கால ப்ரோக்கேஜ்களில் இருபது, முப்பது பாகை விலகல் காணப்பட்டால் கீலுக்கு இடமில்லை. ஒட்டிய நாணயமே அச்சுக்குள் நழுவியிருக்கலாம் என்ற ஐயத்தை முழுதாக நீக்க முடியாது; ஆயினும் புடைப்பான சின்னத்தால் அச்சைக் கவ்விய நாணயம் அதற்குள் அவ்வளவு எளிதில் சுழலாது. எதிர்த்திசையில் இச்சான்று செல்லாது: விலகல் இல்லை என்பது கீலுக்கு நிரூபணமாகாது, கவனமான கையும் அதையே தரும்.

உரோமில் 12, 6 என்ற இவ்வொழுங்கு எப்போது தொடங்கியது? குடியரசுக் காலத்தில் இல்லை, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உண்டு. இடைப்பட்ட காலத்தில் ஓர் ஆண்டைச் சுட்ட நான் துணியமாட்டேன்.

இந்த விவாதம் விலையையும் தொடுகிறது. கோணம் மாறியதைப் பிழை என்று சொல்லி விலை கூட்ட, முதலில் விதி ஒன்று இருக்கவேண்டும். குடியரசுத் தெனாரியஸ் 4 மணியில் நின்றால் யாரும் காசு கூட்டித் தரமாட்டார்கள். இயந்திர காலத்தில் விதி வந்தது, ஆனால் நாட்டுக்கு நாடு வேறாக. பிரிட்டனின் வெள்ளி நாணயங்கள் 1887இல் விக்டோரியாவின் பொன்விழா வரிசையோடு 6 மணியிலிருந்து 12க்கு மாறின. பிரான்சு ஃபிராங்க் மறையும்வரை 6 மணியை விடவில்லை. அமெரிக்கா இன்றும் 6. நம் ரூபாய் 12.

இதன் விசித்திரமான விளைவு 1989இல் டென்வரில் அடித்த அமெரிக்கக் காங்கிரசின் இருநூற்றாண்டு வெள்ளி டாலர். அவற்றில் சில 180 பாகை திரும்பி 12 மணியில் வந்துவிட்டன. இலண்டனிலோ மும்பையிலோ அது ஒழுங்கான நாணயம். டென்வரில் அரிய பிழை என்பதால் சேகரிப்பாளர்கள் சாதாரணப் பிரதிக்குத் தருவதைப் போலப் பல மடங்கு தருகிறார்கள். பிடிப்பானில் இறுக்கிப் பூட்டிய அச்சும் தளர்ந்து திரும்பும் என்பதற்கு இத்தகைய பிழைகளே சாட்சி. பத்துப் பதினைந்து பாகைச் சறுக்கலுக்குச் சந்தையில் பெரிய மதிப்பில்லை. 180ஐ நெருங்க நெருங்க விலை ஏறும். அதே அச்சு எத்தனை ஆயிரம் காசுகளை அப்படி அடித்தது என்பதும் விலையைக் கட்டும்.

பண்டைய ப்ரோக்கேஜ்களை ஏலப் பட்டியல்கள் வேடிக்கைப் பொருளாகவே பார்க்கின்றன. பின்புறம் இல்லை என்பதால் அவற்றுக்குக் கோணம் குறிப்பதும் பெரும்பாலும் இல்லை. அட்டவணை செய்வோர் இனியேனும் புடைப்பு முகத்துக்கும் குழிவு முகத்துக்கும் இடையிலுள்ள பாகையை அளந்து ஒரு வரி சேர்க்கவேண்டும்.