விளையாட்டரங்குகளில் மாற்றுத்திறனாளிப் பார்வையாளர் வசதிகள் (சிந்தாதிரிப்பேட்டை வட்டாரம்)

சென்னை சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி இரண்டு பெரிய விளையாட்டரங்குகள் இருக்கின்றன. ஒன்று பெரியமேட்டில், ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம். கால்பந்தும் தடகளமும் அங்கே நடக்கும். மற்றது வாலாஜா சாலையை ஒட்டிய எம்.ஏ. சிதம்பரம் கிரிக்கெட் அரங்கம், ஊர்ப்பேச்சில் சேப்பாக்கம். பறக்கும் ரயில் தடத்தில் பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம் மூன்றும் அடுத்தடுத்த நிலையங்கள். பேட்டைக்காரர் ஒரு நிலையம் வடக்கே போனால் கால்பந்து, ஒரு நிலையம் தெற்கே போனால் கிரிக்கெட். சக்கர நாற்காலியில் வருவோர், பார்வையற்றோர், செவித்திறன் குறைந்தோர் ஆகிய ரசிகர்கள் இவ்விரு அரங்குகளுக்கும் போய்வர அமைந்த, அமையாத வசதிகளின் வரலாறு இங்கே தொகுக்கப்படுகிறது. அந்த வரலாறு விளையாட்டுப் பக்கங்களில் இருப்பதைவிடச் சட்டப் புத்தகங்களிலும் வழக்குத் தாள்களிலும் போக்குவரத்து அறிவிப்புகளிலும்தான் மிகுதியாகக் கிடக்கிறது. கட்டுரையின் அளவும் அதற்கேற்பச் சாய்ந்துள்ளது.

பெயர்

தமிழ்நாட்டில் அரசு வழக்கில் நெடுங்காலம் இருந்த சொல் 'ஊனமுற்றோர்'. மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல் வழக்குக்கு வந்து, 2010-இல் தனித் துறையின் பெயராகவும் ஆயிற்று. இது மரியாதையான சொல் என்பார் பலர். குறையைச் சொல்லாமல் மூடுவதால் உரிமைக் கேள்வியும் மூடிப்போகிறது என்று கருதும் இயக்கத்தாரும் உண்டு. இக்கட்டுரை அரசு வழக்கையே பின்பற்றுகிறது.

தொடக்கக் காலம்

சிந்தாதிரிப்பேட்டை 1734-ஆம் ஆண்டளவில், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், நெசவாளர்களைக் குடியமர்த்த உருவான பேட்டை. 'சின்னத் தறிப்பேட்டை' மருவியே இப்பெயர் வந்தது என்பது பெரும்பாலோர் கொள்ளும் விளக்கம். பெரியமேட்டு அரங்கு முதலில் மாநகராட்சி விளையாட்டரங்கமாக இருந்தது. 1956 ஜனவரியில் வினு மன்கடும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது இங்கேதான். அச்சாதனை 2008 வரை நின்றது. 1967-இல் டெஸ்ட் ஆட்டங்கள் மீண்டும் சேப்பாக்கத்துக்குப் போயின. இக்காலத்து ஆட்டக் குறிப்புகளில் மட்டையாளர் உண்டு, பந்தாளர் உண்டு, கூட்டத்தின் அளவும் உண்டு.

அந்தக் காலத்தில் பார்வையற்ற ரசிகருக்கு இருந்த ஒரே வசதி டிரான்சிஸ்டர். அதை எந்த அரங்க நிர்வாகமும் அமைத்துக் கொடுக்கவில்லை. அகில இந்திய வானொலி கொடுத்தது. வி. ராமமூர்த்தி, கூத்தபிரான், அப்துல் ஜப்பார் முதலியோரின் தமிழ் நேர்முக வர்ணனை வீட்டிலிருந்தவர்களுக்காகவே ஒலிபரப்பானது. ஆனால் கேலரியில் உட்கார்ந்து ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே காதில் வானொலியை வைத்திருந்தவர்கள் ஏராளம். பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே பந்தைக் கேட்ட காலம் அது. இன்று 'விவரணை வர்ணனை' என்று தனியாக வகுக்கப்படுவதற்கு இது முன்னோடியா என்பதில் கருத்து வேறுபடலாம். வானொலி வர்ணனையாளர் இடைவேளையில் புள்ளிவிவரத்துக்கும் பழங்கதைக்கும் போய்விடுவார். விவரணை வர்ணனையாளரோ பந்து மைதானத்தின் எந்த மூலையில் இருக்கிறது, கோல்காப்பாளர் எந்தப் பக்கம் நகர்கிறார், கூட்டம் ஏன் திடீரென்று கத்துகிறது என்பதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். உலகக் கோப்பைக் கால்பந்தில் 2014-இல் பிரேசிலின் நான்கு அரங்குகளில் போர்த்துகீசிய மொழியிலும், 2022-இல் கத்தாரில் அரபியிலும் இத்தகைய வர்ணனை தரப்பட்டது.

1993–1996

மாநகராட்சி அரங்கு இருந்த இடத்தில் 1993-இல் புதிய பன்னோக்கு அரங்கம் எழுந்தது. அதே ஆண்டு நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டி அங்கே நடந்தது. 1995 நவம்பரில் கடற்கரை–சேப்பாக்கம் பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னைக்கு வந்தன. அதே டிசம்பரில் நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான சட்டத்தை நிறைவேற்றியது. 1996 பிப்ரவரி 7-இல் அது நடைமுறைக்கு வந்தது.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்று தெரியும். அரங்கும் அதற்குப் போகும் ரயிலும் கட்டி முடிந்த பிறகே, பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வேண்டும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை வேண்டும், மின்தூக்கியில் பிரெய்ல் குறியும் ஒலி அறிவிப்பும் வேண்டும் என்று சொல்லும் 46-ஆம் பிரிவு வந்துசேர்ந்தது. அந்தப் பிரிவும் அரசின் 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்ற வாசகத்தோடுதான் வந்தது. சட்டம் மூன்றாண்டு முந்தியிருந்தால் கட்டடம் வேறு மாதிரி அமைந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. சட்டத்துக்குப் பின் எழுந்த பல கட்டடங்களும் பழைய மாதிரியிலேயே எழுந்தன.

அயல்நாட்டு அளவுகோல்கள்

இங்கிலாந்தில் 1970-களில் எடுத்த சில புகைப்படங்களில், லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தின் ஓரத்தில் வெளிர்நீல மூன்று சக்கர வண்டிகள் வரிசையாக நிற்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு அந்நாட்டு அரசு கொடுத்த ஒற்றை இருக்கை வண்டிகள் அவை. ரசிகர்கள் வண்டியை எல்லைக்கோட்டருகே நிறுத்தி, கண்ணாடிக்குள் இருந்தபடியே ஆட்டம் பார்த்தார்கள். மழை பெய்தால் துடைப்பானைப் போட்டுக்கொள்ளலாம். நண்பரோடு சேர்ந்து உட்கார மட்டும் முடியாது.

1989-இல் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலால் நேர்ந்த பேரிழப்புக்குப் பின், மேல்நிலை லீக் அரங்குகள் முழுவதும் இருக்கைகளாக மாறின. அந்த மறுகட்டுமானத்தை ஒட்டி வடிவமைப்புக் கையேடுகள் வந்தன. 2003-இல் வெளியான வழிகாட்டி எண்ணிக்கையைக் கறாராகவே வகுத்தது: 20,000 முதல் 40,000 பேர் கொள்ளும் அரங்கில் 150 சக்கர நாற்காலி இடங்கள், 20,000-க்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் கூடுதலாக 3. ஏறத்தாழ 40,000 பேர் கொள்ளும் நேரு அரங்குக்கு இந்தக் கணக்கைப் பொருத்தினால் 210 இடங்கள் வரும். இங்கிலாந்துக்கே இது எளிதாக இல்லை. 2017 ஆகஸ்டுக்குள் நிறைவேற்றுவதாக பிரீமியர் லீக் சங்கங்கள் 2015-இல் வாக்குக் கொடுத்தன. எல்லாச் சங்கங்களும் குறித்த நாளில் முடிக்கவில்லை.

எண்ணிக்கையைவிட நுட்பமானது பார்வைக்கோடு. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். கோல் விழும் நேரத்தில் முன்வரிசைக்காரர் எழுந்துவிடுவார். ஆட்டத்தின் மிக முக்கியமான நொடியில் பின்னால் இருப்பவருக்குத் தெரிவது ஒரு சட்டை முதுகு. அதனால் சக்கர நாற்காலி மேடையை முன்வரிசை நிற்கும் உயரத்துக்கும் மேலே பார்வை போகும்படி உயர்த்திக் கட்ட வேண்டும். அல்லது முன்னால் யாரும் இல்லாதபடி தரைமட்டத்தில் வைக்கலாம். நேரு அரங்கில் மைதானத்தைச் சுற்றித் தடகள ஓடுதளம் இருப்பதால், தரைமட்டத்தில் இருப்பவருக்குப் பந்து வெகு தூரத்தில், தட்டையான கோணத்தில் தெரியும். மேடையை உயர்த்தினாலோ சாய்தளம் நீளும்: இந்திய வழிகாட்டிகள் சொல்லும் 1-க்கு 12 என்ற சரிவில் 60 சென்டிமீட்டர் ஏற 7.2 மீட்டர் தேவை.

போகும் வழி

ரசிகர் வாயிலை எட்டுவதே ஒரு தனி அத்தியாயம். ஆவணங்கள் அதிகம் இருப்பதும் இதற்குத்தான். பறக்கும் ரயில் பெயருக்கேற்ப உயரத்தில் ஓடுகிறது. நடைமேடைக்குப் போக மின்தூக்கி வேண்டும், அது வேலை செய்யவும் வேண்டும். இந்நிலையங்களின் பராமரிப்பு பற்றி நாளிதழ்கள் திரும்பத் திரும்ப எழுதியுள்ளன.

பேருந்து விவகாரம் நீதிமன்றத்திலேயே வளர்ந்தது. மாநகரப் பேருந்தின் வழக்கமான தள உயரம் 900 மில்லிமீட்டர். தாழ்தளப் பேருந்துக்கு 400. இந்த அரை மீட்டருக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மாற்றுத்திறனாளி உரிமை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். சாலைகளின் நிலை, மழைநீர்த் தேக்கம், செலவு ஆகியவற்றைக் காட்டி எல்லாத் தடங்களிலும் தாழ்தளம் சாத்தியமில்லை என்றது அரசுத் தரப்பு. சாலையைச் சரிசெய்யாததைக் காரணம் காட்டி உரிமையை மறுக்கக் கூடாது என்றது மறு தரப்பு. மழைக்காலத்துச் சென்னையைப் பார்த்தவர்கள் முதல் வாதத்தை முற்றிலும் தள்ளமாட்டார்கள்; அதே மழையில் சக்கர நாற்காலியைத் தள்ளியவர்கள் இரண்டாவதைத் தள்ளமாட்டார்கள். 552 தாழ்தளப் பேருந்துகளை வாங்கும் திட்டத்துக்கு 2023-இல் வழி பிறந்தது; முதல் தொகுதி 2024 ஆகஸ்டில் சாலைக்கு வந்தது. நிறுத்தத்தில் ஓட்டுநர் வண்டியை ஒரு பக்கமாகத் தாழ்த்தலாம். வாயிலில் மடக்குச் சாய்தளம் உண்டு. ஆனால் நடைபாதையை ஒட்டி வண்டியை நிறுத்த இடம் இருந்தால்தான் இவை இரண்டும் பயன்படும். அந்த இடத்தில் பெரும்பாலும் ஓர் ஆட்டோ நிற்கும்.

மெட்ரோ ரயிலோ மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிந்தைய கட்டுமானம். அதன் நிலையங்களில் மின்தூக்கியும் தொடுஉணர் தரைப் பாதையும் உண்டு. சென்ட்ரல் மெட்ரோ 2018 மே மாதத்திலும், சேப்பாக்கத்துக்கு அருகிலுள்ள அரசினர் தோட்டம் நிலையம் 2019 பிப்ரவரியிலும் திறக்கப்பட்டன. நிலையத்துக்குள் மஞ்சள் பட்டை வழிகாட்டும். வாலாஜா சாலைக்கு வந்ததும் துணைக்கு வந்தவரின் தோள்தான் வழிகாட்டி.

சிந்தாதிரிப்பேட்டை தன் வரலாற்றில் ஒருமுறை ரயில் முனையமாகவும் இருந்தது. கடற்கரை–எழும்பூர் நான்காவது தடப் பணிக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் 2024 அக்டோபர் 29 வரை வேளச்சேரியிலிருந்து வந்த பறக்கும் ரயில்கள் இங்கேயே நின்று திரும்பின. பூங்கா நகரில் இறங்கி நேரு அரங்குக்குப் போக வேண்டிய கால்பந்து ரசிகர் அந்தப் பதினான்கு மாதமும் பேட்டையில் இறங்கி, கூவத்தைத் தாண்டி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து போக வேண்டியிருந்தது. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. தமிழ்நாட்டு அரசு இத்தகைய ஸ்கூட்டர்களை நலத்திட்டமாக வழங்குகிறது. ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் வண்டிகளின் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

பிற்காலச் சட்டம்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 30-ஆம் பிரிவு விளையாட்டுக் கட்டமைப்பை மறுவடிவமைக்கச் சொல்கிறது. 45-ஆம் பிரிவு இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. விதிகள் வெளியான 2017 ஜூனிலிருந்து எண்ணினால் அந்தக் கெடு 2022 ஜூனில் முடிந்தது. 2024 நவம்பர் 8-இல், ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல்தன்மை விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15-ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதம் தந்தது.

அண்மைக்காலம்

2014 முதல் நேரு அரங்கு 'சென்னையின் எஃப்.சி.' கால்பந்து அணியின் சொந்த மைதானம். பெருந்தொற்றுக் காலப் பருவங்கள் இரண்டு கோவாவில் நடந்தன. 'பி ஸ்டாண்ட் புளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' ஆகிய ரசிகர் குழுக்கள் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே பாடுபவை. பார்வைக்கோட்டுச் சிக்கல் இந்த அரங்கில் வெறும் ஏட்டுக் கணக்கல்ல. சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பையை ஒட்டி, பார்வையை மறைத்த பழைய தூண்கள் நீங்கிப் புதிய கேலரிகள் எழுந்தன. 2023 மார்ச்சில் கலைஞர் மு. கருணாநிதி பெயரிலான கேலரி திறக்கப்பட்டது.

2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது. மாமல்லபுரத்து ஆட்டங்களில் பார்வையற்றோர், செவித்திறன் குறைந்தோர், உடல் இயக்கக் குறைபாடு உள்ளோர் ஆகியோரின் பன்னாட்டு அமைப்புகள் தனித்தனி அணிகளாக ஆடின. அதே ஆண்டு நவம்பரில், சேப்பாக்கத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத மெரினாவில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சக்கர நாற்காலிகள் அலை வரை போக 263 மீட்டர் மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது. சரிசெய்து மீண்டும் திறந்தார்கள்.

2024 ஐ.பி.எல். தொடரில் ஆட்டச் சீட்டைக் காட்டி மெட்ரோவில் கட்டணமின்றிப் போகும் ஏற்பாடு சேப்பாக்கத்து ஆட்டங்களுக்கு இருந்தது. அதே தொடரில் இந்தியச் சைகை மொழி வர்ணனையும் ஒளிபரப்பானது. அது வீட்டிலிருந்து பார்ப்போருக்கானது.